மார்கழிக் குளிரில், இடுப்பளவு கடலில்… யாரைத் தேடுகிறார்கள் இவர்கள்?

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அவருடைய அக்கா மகன், விடிந்தும் விடியாத நேரத்தில் இடுப்புக்கு மேல் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு அலைக்குள் நிற்கிறான். கையில் அவனைவிட ஒன்றரை மடங்கு நீளமான தூண்டில். பின்னால் மணலில் பனி. "சார், இவனுக்கு என்ன ஆச்சு? கடையில மீன் கிடைக்காதா? அக்கா அழுவுறா. இதைப் பத்தி ஒரு வாரம் எழுதுங்க" என்று கேட்டிருந்தார்.

அக்காவை முதலில் அழாமல் இருக்கச் சொல்லுங்கள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு 'ஸ்ட்ரைப்பர்' பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் மெய்ன் மாநிலத்திலிருந்து வட கரோலினா வரை, இந்தக் காய்ச்சல் பிடித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். டிசம்பர் வந்தால் காய்ச்சல் இன்னும் ஏறும். ஏனென்றால், அந்த வருடத்துக்கான கடைசி வாய்ப்பு அது.

ஸ்ட்ரைப்பர் என்று செல்லமாகச் சொல்லப்படும் மீனின் முழுப்பெயர் ஸ்ட்ரைப்டு பாஸ். மேரிலேண்ட் பக்கம் போனால் 'ராக் ஃபிஷ்' என்பார்கள். அங்கே அது மாநில மீன். வெள்ளி உடம்பில், தலையிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், யாரோ ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஓடும். சின்னது கிலோ கணக்கில் இருக்கும். பெரியது ஆளை இழுக்கும். 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலத்தில் கிரெக் மையர்சன் என்பவர் பிடித்த மீன் 81 பவுண்டு 14 அவுன்ஸ், அதாவது 37 கிலோவுக்கு மேல். தூண்டிலில் பிடித்ததில் உலக சாதனை அதுதான். அதற்கு முந்தைய சாதனையும் ஒரு கதை. 1982 செப்டம்பரில், புயல் அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், அட்லான்டிக் சிட்டியின் கல் தடுப்பில் நின்றபடி ஆல் மெக்ரெனால்ட்ஸ் பிடித்த 78 பவுண்டு 8 அவுன்ஸ் மீன். 29 வருடம் அதை யாராலும் தாண்ட முடியவில்லை.

நம் ஊர்க் கொடுவாவை அறிந்தவர்களுக்கு இந்த மீனைச் சுலபமாகப் புரியவைக்கலாம். இரண்டும் தூண்டில்காரனைச் சண்டைக்கு இழுக்கும் மீன்கள்; இரண்டுக்கும் வெள்ளைச் சதை. ஆனால், பிரசவத்துக்குப் போகும் திசை தலைகீழ். கொடுவா, உப்புத் தண்ணீரை நோக்கி இறங்கி வந்து முட்டை போடும். ஸ்ட்ரைப்பரோ, நம் உல்லம் மீனைப்போல, கடலிலிருந்து ஆற்றில் ஏறிப்போய் நல்ல தண்ணீரில் முட்டை போடும். செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள்தான் முக்கியமான தாய்வீடு. அடுத்தபடியாக ஹட்சன், டெலவேர் ஆறுகள்.

குளிர்காலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கோடையில் மாசசூசெட்ஸ், மெய்ன் வரை மேலே போய் மேயும் பெரிய மீன்கள், தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். அக்டோபரில் லாங் ஐலண்டின் மான்டாக் முனை. நவம்பரில் நியூ ஜெர்சி. டிசம்பர் கடைசியில் டெலவேர், வர்ஜீனியா. குளிரின் உச்சத்தில் வர்ஜீனியா, வட கரோலினா கரைக்கு எதிரே ஆழ்கடலில் தங்கல். வசந்தத்தில் மறுபடி ஆற்றுக்கு. போகிற வழியில் ஒரே வேலை, தின்பது. குளிருக்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அது வெறிபிடித்துத் தின்னும் அந்தச் சில வாரங்களுக்காகத்தான், உங்கள் அக்கா மகன் அலாரம் வைத்து மூன்றரை மணிக்கு எழுந்திருக்கிறான்.

மணலில் ஓடும் ஜீப்புகள்

நியூ ஜெர்சியில் ஐலண்டு பீச் ஸ்டேட் பார்க் என்று ஓர் இடம். சுமார் பத்து மைல் நீளத்துக்கு வீடு, கடை எதுவும் இல்லாத மணல் திட்டு. ஒரு பக்கம் அட்லான்டிக், மறுபக்கம் பார்னிகாட் விரிகுடா. தனி பர்மிட் வாங்கினால் நான்கு சக்கர இழுவை வண்டியை மணலிலேயே ஓட்டிப் போகலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதைந்துவிடும். டிசம்பர் விடியற்காலையில் அங்கே போனால், வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் நட்டுவைத்த தூண்டில் கம்புகள். பேச்சே இருக்காது. பறவைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பறவைதான் இவர்களுடைய ஜோசியர். கேனட் என்ற பெரிய வெள்ளைப் பறவை, இறக்கையை மடக்கிக்கொண்டு அம்பு மாதிரி கடலில் விழும். ஒன்று விழுந்தால் கவனிப்பார்கள். பத்து விழுந்தால் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டுவார்கள். கீழே இரை மீன் கூட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கும் கீழே ஸ்ட்ரைப்பர் துரத்துகிறது என்று அர்த்தம். இரை என்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று மென்ஹேடன், இங்கே 'பங்கர்' என்பார்கள். நம் மத்தியின் தூரத்துச் சொந்தம், எண்ணெய் வழியும் உடம்பு. இன்னொன்று சாண்ட் ஈல். பெயரில் விலாங்கு இருந்தாலும் விலாங்கு இல்லை. பென்சில் மாதிரி மெல்லிசாக, மணலுக்குள் தலை நுழைத்துப் படுத்துக்கொள்ளும் குட்டி மீன்.

எந்த இரை வந்திருக்கிறதோ அதற்கேற்ப போலி மீனை மாட்ட வேண்டும். சாண்ட் ஈல் காலத்தில் மெல்லிய, பளபளக்கும் உலோகத் துண்டு, அதற்கு ஒரு முழம் மேலே சின்ன ரப்பர் மீன் ஒன்று. தூர எறிந்து, மெதுவாகச் சுற்ற வேண்டும். 'மெதுவாக' என்பதுதான் குளிர்காலப் பாடத்தின் முதல் வரி. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் 10 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே போகப் போக அதன் உடம்பு மந்தமாகிறது. கோடையில் வேகமாக ஓடும் இரையைத் துரத்தி அடிக்கும் மீன், ஜனவரியில் மூக்குக்கு முன்னால் வந்ததை மட்டும்தான் வாய் திறந்து வாங்கும். புதிதாக வருபவர்கள் கை குளிருகிறதே என்று வேகவேகமாகச் சுற்றுவார்கள். பக்கத்தில் நிற்கும் எழுபது வயதுக்காரர், கம்பை அசைக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் நிற்பார். மீன் அவருக்குத்தான் மாட்டும்.

இன்னொரு தொல்லை பனிக்கட்டி. தூண்டில் கம்பில் நரம்பு ஓடும் வளையங்கள் இருக்கின்றன இல்லையா? ஈர நரம்பு அதன் வழியாகப் போய் வரும்போது, வளையத்திலேயே ஐஸ் கட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது கம்பைக் கடலில் முக்கி எடுப்பார்கள். உப்புத் தண்ணீர், காற்றைவிடச் சூடு! கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காற்று மைனஸ் 5, கடல் பிளஸ் 7 என்றால் கடல்தானே வெந்நீர்.

கரையில் மீன் இல்லாத நடுக்குளிரிலும் சிலர் விடுவதில்லை. கனெக்டிகட்டில் தேம்ஸ் ஆறு இருக்கிறது (லண்டனில் இருப்பது வேறு). அதன் மேல்முனையில், நார்விச் துறைமுகத்தில், சின்ன ஸ்ட்ரைப்பர்கள் கூட்டமாக முடங்கிக் குளிரைக் கழிக்கும். ஜனவரியில் சின்னப் படகில் போய் ஒவ்வொன்றாகப் பிடித்து விடுவார்கள். நியூ ஜெர்சியில் இதைவிட வேடிக்கை. ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையம் வெளியே விடும் வெந்நீர் ஓடும் கால்வாயில், தெற்கே போக மறந்த மீன்கள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால், குளிர்காலத்தில் அந்த உலை திடீரென்று நின்றால் வெந்நீரும் நின்றுவிடும், மீன்கள் அதிர்ச்சியில் செத்து மிதக்கும். இனாமாகக் கிடைத்த சுகம் அப்படித்தான். 2018 செப்டம்பரில் அந்த நிலையத்தையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

அக்கா கவலைப்பட வேண்டிய ஒரே விஷயம்

குளிர் காற்று யாரையும் கொல்வதில்லை, உடுப்பு இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர்தான் ஆபத்து. இங்கே கடலோரக் காவல்காரர்கள் மூன்று எண்களைச் சொல்லித் தருவார்கள்: 1, 10, 1. தவறி விழுந்ததும் முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. நெஞ்சு தானாக இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த 10 நிமிடம்தான் கை காலை உருப்படியாக அசைக்க முடியும். சுமார் 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். நன்றாக நீச்சல் தெரியுமே என்பவர்கள், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்துவதற்குக் கை வேண்டுமே என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே, அந்த ரப்பர் உடுப்புக்கு மேலே இடுப்பில் இறுக்கமாக பெல்ட் கட்டியிருக்கிறானா என்று கேளுங்கள். உடுப்புக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. கரை ஏறும்போதுதான் அத்தனை கிலோவும் காலைப் பிடித்து இழுக்கும். ஏற முடியாமல் அடுத்த அலை தள்ளிவிடும். பெல்ட் இருந்தால் தண்ணீர் மார்போடு நின்றுவிடும். கல் தடுப்பின் மீது ஏறுகிறவன் என்றால், ஷூவுக்கு அடியில் ஆணி வைத்த பட்டை கட்டாயம். பாசியும் பனியும் சேர்ந்த கல்லில் பூனைகூட வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகக் கூடாது. "துணைக்கு யார் வர்றாங்க?" என்ற ஒரு கேள்வியை அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டால் போதும்.

சாலையை மறித்த குஞ்சுகள்

இந்த மீனின் குளிர்கால வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. இங்கே தூண்டில் பிடிக்காதவர்களுக்கும் தெரிந்த கதை.

1970-களில் மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் 'வெஸ்ட்வே' என்று ஒரு பிரம்மாண்ட நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார்கள். நான்கு மைலுக்குச் சற்று அதிக நீளம். ஹட்சன் ஆற்றில் சுமார் 200 ஏக்கரை மண்கொட்டி மூடி, அதற்குள்ளே சாலை, மேலே பூங்கா, கட்டடங்கள். செலவு 200 கோடி டாலர் ரகம். நகர மேயர், மாநில ஆளுநர், தொழிற்சங்கங்கள், வங்கிகள் எல்லோரும் ஆதரவு. 1981 செப்டம்பரில் அதிபர் ரீகனே நேரில் வந்து, மேயர் எட் காச்சிடம் 8.5 கோடி டாலருக்கு ராட்சத செக் ஒன்றைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். இனி யார் நிறுத்த முடியும்?

மூடப்போகும் அந்த இடத்தில் உளுத்துப்போன பழைய படகுத் துறைகள் வரிசையாக இருந்தன. 'அங்கே உயிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை' என்கிற ரீதியில்தான் ஆரம்பத்தில் அரசு அறிக்கை இருந்தது. பிறகு குளிர்காலத்தில் வலை போட்டுப் பார்த்தார்கள். துறைகளின் மரக்கால்களுக்கு நடுவே, வேகமான நீரோட்டத்திலிருந்து ஒதுங்கி, ஸ்ட்ரைப்பர் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் குளிரைக் கழித்துக்கொண்டிருந்தன. ஹட்சனில் பிறந்த குஞ்சுகளுக்கு அது ஒரு விடுதி.

வழக்கு போனது. மீன்களைப் பற்றிய தகவலைச் சரியாக வெளியிடாமல் அனுமதி கொடுத்தது தவறு என்று 1982-ல் நீதிபதி தாமஸ் கிரீசா ஆற்றை மூடத் தடை விதித்தார். மறுபடி ஆய்வு, மறுபடி அனுமதி, 1985-ல் மறுபடி அவரிடமே தோல்வி. அந்த செப்டம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பெரும் பங்கு நகரின் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் போனது. இன்று அந்தக் கரையில் ஹட்சன் ரிவர் பார்க் இருக்கிறது. நியூயார்க் போகும் நம் ஆட்கள் குழந்தைகளோடு செல்ஃபி எடுக்கும் இடம். மீனை மட்டும் முழுக் காரணமாகச் சொல்ல மாட்டேன். சாலையே வேண்டாம் என்று பல வருடம் போராடியவர்களுக்குக் கிடைத்த ஆயுதம் அந்தக் குஞ்சுகள். ஆனால், ஆயுதம் உண்மையானது.

ஒருமுறை காணாமல் போன மீன்

இன்னொரு 1985 கதையும் இருக்கிறது. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது.

இந்த மீனைப் பார்த்து 'இது தீரவே தீராது' என்று நினைத்தது முதல் குடியேறிகள் காலத்திலிருந்தே நடக்கிறது. வயலுக்கு உரமாகக்கூட அள்ளிப் போட்டிருக்கிறார்கள். 1639-லேயே மாசசூசெட்ஸ் நிர்வாகம் இதை உரமாகப் போடக் கூடாது என்று தடை போட்டது. அப்படியும் மூன்று நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. 1973-ல் வணிகப் படகுகள் பிடித்தது ஏறக்குறைய 1.5 கோடி பவுண்டு. பத்தே வருடத்தில், 1983-ல், அது 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும், ஆறுகள் கெட்டதும் சேர்ந்து வந்த வினை.

1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஸ்ட்ரைப்பருக்காகவே ஒரு தனிச் சட்டம் போட்டது. கடலோர மாநிலங்கள் சேர்ந்து போட்ட விதியை ஒரு மாநிலம் மீறினால், அங்கே மீன்பிடியையே மத்திய அரசு மூடலாம். 1985 ஜனவரி 1-ம் தேதி மேரிலேண்ட் முழுத் தடை விதித்தது. தன் மாநில மீனைத் தானே தொடக் கூடாது என்று! ஐந்து வருடம். பரம்பரையாக இதே தொழிலில் இருந்த செசபீக் மீனவக் குடும்பங்களின் கோபத்தை நினைத்துப் பாருங்கள். மற்ற மாநிலங்களிலும் ஒரு கணக்கு வைத்தார்கள். 1982-ல் பிறந்த குஞ்சுகள் ஓரளவு நிறைய தப்பியிருந்தன. அந்தப் பெண் மீன்களில் 95 சதவிகிதம் ஒருமுறையாவது முட்டை போடும்வரை அவற்றைப் பிடிக்கக் கூடாது. வருடா வருடம் அவை வளர வளர, பிடிக்கலாம் என்ற குறைந்தபட்ச நீளத்தையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி.

பலித்தது. 1990-ல் கொஞ்சம் திறந்தார்கள். 1995-ல் 'மீண்டுவிட்டது' என்று அறிவித்தார்கள். கடல் மீன் பாதுகாப்பில் உலகமே காட்டிய வெற்றி உதாரணம். அடுத்த பதினைந்து வருடம், வர்ஜீனியா, வட கரோலினா கரைகளில் ஜனவரி மாதம் திருவிழா மாதிரி இருந்தது என்று அந்தக் காலத்து ஆட்கள் கண் விரியச் சொல்வார்கள். பிறகு அந்தக் குளிர்காலக் கூட்டம் மூன்று மைல் எல்லைக்கு வெளியே ஒதுங்கிவிட்டது. அதற்கு அப்பால் மத்திய அரசின் கடல். அங்கே 1990-லிருந்து இந்த மீனைப் பிடிக்கத் தடை. படகுக்காரர் வரைபடத்தில் மீனைப் பார்க்கலாம், தொட முடியாது. அந்தத் தடை இல்லாவிட்டால், குளிரில் ஒரே இடத்தில் குவிந்து மந்தமாகக் கிடக்கும் தாய் மீன்களை ஒரு சில வருடத்தில் வழித்து எடுத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். எல்லை தாண்டி மாட்டி அபராதம் கட்டியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரி, இப்போது? மறுபடி ஆபத்து. 2019-ல், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். 2029-க்குள் மீட்க வேண்டும் என்பது கெடு. 2022-ல் தூண்டில்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோன மீன், முந்தைய வருடத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2015-ல் பிறந்த நல்ல கூட்டம் ஒன்று, பிடிக்கலாம் என்ற நீளத்துக்கு அப்போதுதான் வளர்ந்து வந்திருந்தது. எல்லோரும் அதையே அள்ளிவிட்டார்கள். 2023-ல் அவசர விதி வந்தது. கடலில் ஒருவருக்கு நாளைக்கு ஒரே ஒரு மீன். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மூன்றே அங்குல ஜன்னல்!

பெரியதை விட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மீன் 30 வருடம் வரை வாழும். நடுத்தரப் பெண் மீன் சில லட்சம் முட்டை போட்டால், பெரிய கிழவி 30, 40 லட்சம் முட்டை போடும். நம் வீட்டுப் பாட்டிகளைப்போல, குடும்பத்தைத் தாங்குவது அவர்கள்தான்.

ஆனால், விதியால் மட்டும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. மேரிலேண்ட் 1954-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஆறுகளில் வலை இழுத்து, அந்த வருடம் பிறந்த குஞ்சுகளை எண்ணுகிறது. 132 முறை வலை இழுத்து, சராசரி எடுப்பார்கள். (1879-ல் நியூ ஜெர்சியிலிருந்து ரயிலில் ஏற்றி கலிஃபோர்னியாவில் விட்ட குட்டி மீன்களும் 132. அதிலிருந்து அந்தப் பக்கக் கடலோரம் ஒரு பரம்பரையே உருவானது. எண் ஒற்றுமை தற்செயல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.) நீண்டகாலச் சராசரி, வலைக்கு 11 குஞ்சு. 2023-ல் வந்தது 1. 2024-ல் 2. 2019-லிருந்தே இப்படித்தான் தேய்கிறது.

காரணம் குளிர்காலத்தில்தான் இருக்கிறது. நல்ல குளிரும் பனியும் மழையும் இருந்தால், வசந்தத்தில் ஆறுகள் பெருகி ஓடும்; குஞ்சு தின்னும் நுண்ணுயிர்கள், குஞ்சு பொரிக்கும் அதே நேரத்தில் பெருகும். குளிர் குறைந்து, மழையும் பொய்த்தால், அந்த உயிர்கள் முன்னாலேயே பெருகித் தீர்ந்துவிடும். பிறந்த குஞ்சுக்குப் பால் இல்லை. ஆக, ஜனவரியில் பனி கொட்டும்போது சலித்துக்கொள்ளும் ஊரில், 'இன்னும் கொட்டட்டும்' என்று வேண்டிக்கொள்பவர்கள் தூண்டில்காரர்கள் மட்டும்தான்.

பிடித்து விடுவது புண்ணியமா?

"நான் எதையும் கொல்றதில்ல சார், பிடிச்சு விட்டுடுவேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களை நிறைய சந்தித்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும். கணக்கு வேறு. விடப்படும் நூறு மீனில் சராசரியாக 9 பிறகு செத்துப்போகின்றன என்று வைத்துத்தான் நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். 2022-ல் மட்டும் விடப்பட்டவை ஏறக்குறைய 3 கோடி. 9 சதவிகிதம் என்றால் 27 லட்சம் மீன்! நாற்பது மீனைப் பிடித்து விட்டவர், ஒன்றைக் குழம்பு வைக்கக் கொண்டுபோனவரைவிட அதிகம் கொன்றிருக்கலாம். இதைச் சொன்னால் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

நல்ல செய்தி, குளிர் நீரில் விடப்படும் மீன் பிழைக்கும் வாய்ப்பு கோடையைவிட அதிகம். ஆனால், கையாளத் தெரிய வேண்டும். உயிர் இரை போட்டால் நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள்தான் போட வேண்டும் என்பது 2021-லிருந்து விதி; அது தொண்டைக்குள் போகாமல் வாயோரம் மாட்டும். கொக்கி குத்தித் தூக்கக் கூடாது. மைனஸ் குளிரில் மீனைத் தண்ணீரை விட்டு எடுத்தால், அதன் செவுளிலும் கண்ணிலும் ஐஸ் பிடித்துவிடும். மணலில் புரட்டினால் மேல்வழவழப்பு போய்விடும். தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, போட்டோ வேண்டுமென்றால் ஒன்று. ஐந்து எடுத்து, அதில் எதில் சிரிப்பு நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதற்குள் மீன் மூச்சுத் திணறிவிடும். போதும் என்று தோன்றும் நேரத்தில் தூண்டிலை மடக்குவதும் ஒரு கலை. என் பழக்கத்தில் ஒரு கடலூர்க்காரர் இருக்கிறார், மகளோடுதான் வருவார். மூன்று மீன் ஆனதும் அந்தப் பெண்ணே, "அப்பா, கோட்டா முடிஞ்சது, கிளம்பலாம்" என்பாள். சட்டத்தில் அப்படி ஒரு கோட்டா கிடையாது. அவர்கள் வீட்டுச் சட்டம். எனக்குத் தெரிந்து அந்தக் கரையில் மிகச் சரியான சட்டம் அதுதான்.

சமையலுக்கு வருவோம். ஜன்னலுக்குள் அகப்பட்ட ஒரு மீன் வீட்டுக்கு வந்தால், கெட்டியான வெள்ளைச் சதை, முள் தொல்லை குறைவு. புளிக்குழம்பு தாங்கும்; வறுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டு விஷயம் மட்டும். நியூ ஜெர்சியில் இந்த மீனை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். அடுத்தது, பழைய பாவம் ஒன்று சதையில் தங்கியிருக்கிறது. ஹட்சனில் பல வருடம் கொட்டப்பட்ட பி.சி.பி. என்ற ரசாயனம் காரணமாக, 1976-லேயே அங்கே வணிக ரீதியாக ஸ்ட்ரைப்பர் பிடிப்பது நின்றது. இன்றும் ஒவ்வொரு மாநிலமும் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதைப் பார்க்காமல் அடுப்பில் வைக்க வேண்டாம். தோலையும், தோலை ஒட்டிய கறுத்த கொழுப்பையும் சீவி எறிந்துவிடுங்கள். அந்த ரசாயனம் சேர்வது அங்கேதான்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர், "நாங்களும் ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்பதுண்டு. தாராளமாக. இடுப்பளவு தண்ணீரில் எல்லாம் இறங்க வேண்டாம். பெல்மார், அட்லான்டிக் ஹைலண்ட்ஸ் துறைகளிலிருந்து டிசம்பரில் பெரிய படகுகள் காலையில் கிளம்பி மதியம் திரும்பும். டிக்கெட் வாங்கி ஏறினால் போதும். தூண்டில் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், முள் கழற்றித் தர ஆள் இருப்பார், உள்ளே ஹீட்டர் போட்ட அறையும் உண்டு. பொங்கலுக்குப் பிறகு வந்தால் பிரயோஜனம் இல்லை. விரிகுடாக்களிலும் ஆறுகளிலும் ஜனவரி, பிப்ரவரி முழுக்க ஸ்ட்ரைப்பருக்குத் தடை, கடலில் கூட்டமும் தெற்கே போயிருக்கும். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகலாம், படகில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டால் வேலை செய்யாது. முந்தின இரவு ஒன்று, காலையில் ஒன்று.